மேகத்துக்குள் ரேடியோ அடங்கிவிட்டால்: ஐஎஃப்ஆர் விமானிக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஆறாயிரம் அடி. நாலாபக்கமும் வெள்ளை. இறக்கையின் நுனிகூடச் சரியாகத் தெரியவில்லை. "என்ன, இன்று ஏடிசி இவ்வளவு அமைதியாக இருக்கிறதே" என்று ஒரு நினைப்பு வருகிறது. கைக்கடிகாரத்தைப் பார்த்தால் கடைசியாக ஒரு குரல் கேட்டு எட்டு நிமிடம் ஆகிவிட்டது. ஏடிசியை, அதாவது தரையிலிருந்து விமானங்களை வழிநடத்தும் கட்டுப்பாட்டு நிலையத்தை, கூப்பிட்டுப் பார்க்கிறீர்கள். பதில் இல்லை.

ஐஎஃப்ஆரில், அதாவது வெளியே பார்க்காமல் கருவிகளை நம்பிப் பறக்கும் விதிகளின்படி போகும்போது, இதற்கு அப்புறம் என்ன செய்வது என்பதுதான் இந்தக் கட்டுரை. அமெரிக்க விதிகளை வைத்துச் சொல்கிறேன்: அந்நாட்டு விமானத் துறை ஒழுங்குமுறை அமைப்பான எஃப்ஏஏ-வின் விதித்தொகுப்பில் பாகம் 91, பிரிவு 185. சிறிய விமானத்தில் தனியாக ஐஎஃப்ஆர் பறப்பது அங்கேதான் அதிகம். பயிற்சிக்கு அங்கே போகும் நம் பிள்ளைகளும் செக்ரைடில் (உரிமத்துக்கான பறக்கும் தேர்வில்) கட்டாயம் சந்திக்கிற கேள்வி இது. மற்ற நாடுகளில் விதி கொஞ்சம் வேறு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஒன்றை முதலிலேயே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மேகத்துக்குள் உங்களையும் அடுத்த விமானத்தையும் பிரித்து வைத்திருப்பது ஒரு பேச்சு. பேச்சு நின்றுவிட்டால் கன்ட்ரோலரிடம் மிச்சம் இருப்பது கடைசியாகப் பேசியதும், நீங்கள் தாக்கல் செய்த ஃப்ளைட் பிளானும்தான். அவற்றை வைத்து, நீங்கள் இனி எங்கே போவீர்கள் என்று ஊகித்து, அந்த இடத்தை அவர் காலி செய்வார். விதியில் உள்ள ஒவ்வொரு வரியும் அந்த ஊகம் பலிப்பதற்காக எழுதப்பட்டது. அது புரிந்துவிட்டால் பாதியை மனப்பாடம் செய்யவே வேண்டாம்.

முதலில்: கெட்டது ரேடியோதானா?

எனக்கு இரண்டு முறை இப்படி ஆகியிருக்கிறது. ஒரு முறை என் முழங்கால் பட்டு ஹெட்செட் பிளக் அரை அங்குலம் வெளியே வந்திருந்தது. இன்னொரு முறை புது அலைவரிசையைத் திருகி வைத்துவிட்டு, மாற்றும் பட்டனை அழுத்த மறந்திருந்தேன். இரண்டிலும் ரேடியோ நன்றாகத்தான் இருந்தது.

பெரிய விமானங்களிலும் இதே கதைதான். 2009 அக்டோபர் 21 அன்று சான் டியாகோவிலிருந்து மினியாபொலிஸ் போன நார்த்வெஸ்ட் 188, ஒரு மணி நேரத்துக்கும் மேலாக யாருக்கும் பதில் சொல்லாமல், போக வேண்டிய ஊரையும் தாண்டி நூறு மைலுக்கு மேல் பறந்தது. ரேடியோவில் ஒரு பழுதும் இல்லை. விமானிகள் மடிக்கணினியில் மூழ்கிவிட்டார்கள். 2017 பிப்ரவரியில் மும்பையிலிருந்து லண்டன் போன ஒரு ஜெட் ஏர்வேஸ் விமானத்தின் தொடர்பு ஜெர்மனி வானில் அறுந்தது. ஜெர்மன் போர் விமானங்கள் பக்கத்தில் வந்து நின்றன. சில நிமிடங்களில் தொடர்பு மீண்டது, விமானம் பத்திரமாக லண்டன் போய்ச் சேர்ந்தது.

ஆகவே முதல் இரண்டு நிமிடம் உங்களைத்தான் சோதிக்க வேண்டும். அதற்கு முன், விமானத்தை நேராக வையுங்கள். ஆட்டோபைலட் இருந்தால் போட்டுவிடுங்கள். குனிந்து பிளக் தேடுகிறேன் என்று மேகத்துக்குள் விமானத்தைச் சாய்த்துவிட்டால், ரேடியோ பிரச்சினை இரண்டாம் பட்சமாகிவிடும்.

பிறகு கையிலிருந்து தொடங்கி வெளியே போங்கள். ஒலியளவு குறைந்திருக்கிறதா? ஸ்கெல்ச்சை (பின்னணி இரைச்சலை அடக்கும் வடிகட்டியை) திறந்தால் இரைச்சல் கேட்கிறதா? கேட்டால் ரேடியோவிலிருந்து உங்கள் காது வரை வழி சரியாக இருக்கிறது. ஆடியோ பேனலில் எந்தக் காம் (பேச்சு ரேடியோ) தேர்வாகியிருக்கிறது? பிளக்குகளை அழுத்திப் பாருங்கள். நீங்கள் அழுத்தாதபோதும் ரேடியோவில் ஒலிபரப்புக் குறி எரிந்துகொண்டிருந்தால் மைக் பட்டன் சிக்கிக்கொண்டிருக்கிறது. இது எல்லாவற்றிலும் மோசம்: உங்களுக்கு ஒன்றும் கேட்காது, அந்த அலைவரிசையில் மற்றவர்களும் பேச முடியாது. மைக் பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கையடக்க மைக்கை எடுங்கள்.

அப்புறம் இரண்டாவது காம். முந்தைய அலைவரிசைக்குத் திரும்புங்கள். அங்கே உங்களைத் தேடிக்கொண்டிருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அதுவும் இல்லையென்றால் வரைபடத்தில் போட்டிருக்கும் அந்தப் பகுதியின் அலைவரிசை, விமானிகளுக்குத் தகவல் உதவி தரும் ஃப்ளைட் சர்வீஸின் 122.2, கடைசியில் அவசர அலைவரிசையான 121.5. அந்த அலைவரிசையில் பெரிய விமானங்கள் காது வைத்திருக்கும். அவர்களில் ஒருவர் உங்கள் செய்தியைக் கடத்துவார். வழிகாட்டும் சிக்னல் அனுப்பும் சில விஓஆர் தரை நிலையங்களின் வழியாகவும் குரல் வரும், ஆகவே அதைப் பெறும் நேவ் ரேடியோவின் ஒலியையும் திறந்து வையுங்கள். பையில் ஒரு கையடக்க ரேடியோ இருந்தால் இப்போதுதான் அதன் நேரம். விமானத்தின் வெளி ஆன்டெனாவோடு இணைக்கும் கம்பி ஒன்றையும் வாங்கி வைத்திருந்தால் அதன் எட்டும் தூரம் பல மடங்கு கூடும். நான் இதைச் செலவு என்று நினைப்பதே இல்லை.

கேட்க மட்டும் முடிந்தால், ஏடிசி "கேட்டால் ஐடென்ட் அழுத்தவும்" என்பார். டிரான்ஸ்பாண்டரில் (ராடாருக்கு உங்கள் எண்ணை அனுப்பும் கருவியில்) உள்ள அந்தப் பட்டனை அழுத்தினால் அவர் திரையில் உங்கள் குறி தனித்துத் தெரியும்; அதுவே போதும், ஆம்-இல்லை கேள்விகளாலேயே உங்களைத் தரைக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். கேட்கவில்லை, ஆனால் பேச்சு போகிறதோ என்று சந்தேகம் இருந்தால், எதிரில் ஆள் இருப்பதாகவே வைத்துக்கொண்டு உங்கள் இடம், உயரம், அடுத்து செய்யப்போவது மூன்றையும் சொல்லிக்கொண்டே போங்கள்.

7600

இதற்கெல்லாம் பலன் இல்லையென்றால் டிரான்ஸ்பாண்டரில் 7600. கன்ட்ரோலரின் திரையில் உங்கள் விமானத்தின் மேல் ரேடியோ பழுது என்று குறி எழும். அந்த நொடியிலிருந்து அவர் உங்களுக்காக இடம் ஒதுக்கத் தொடங்குவார். எண்ணைத் திருகும்போது தவறியும் 7500-இல் நிறுத்திவிடாதீர்கள், அது கடத்தல். பழைய பாடப்புத்தகங்களில் முதலில் 7700, பிறகு 7600 என்று இருக்கும். இப்போது நேராக 7600.

மேகம் விலகினால் கதை முடிந்தது

இதைத்தான் மாணவர்கள் மறந்துவிடுகிறார்கள். பழுது ஏற்படும்போது விஎஃப்ஆர் வானிலையில் (வெளியே பார்த்துப் பறக்கும் அளவு தெளிவான வானத்தில்) இருந்தாலோ, பிறகு அதற்குள் வந்துவிட்டாலோ, விஎஃப்ஆரிலேயே தொடர்ந்து, நடைமுறைக்கு ஏற்ற அளவில் சீக்கிரம் இறங்க வேண்டும். அவ்வளவுதான். வழி, உயரம், நேரம் என்ற பெரிய விதிகள் எதுவும் அப்போது வேண்டாம்.

"நடைமுறைக்கு ஏற்ற அளவில் சீக்கிரம்" என்றால் கண்ணில் படும் முதல் புல்வெளியில் இறங்குவது இல்லை. உங்கள் விமானத்துக்குப் பொருந்தாத ஓடுதளத்தில் இறங்க வேண்டியதில்லை. போகும் ஊர் இன்னும் சில நிமிடம்தான் என்றால் அதற்கு முன்னாலேயே இறங்கவும் வேண்டியதில்லை. இதை எஃப்ஏஏ-வின் விமானிக் கையேடே தெளிவாகச் சொல்கிறது. ஆனால் மேலே மேகத் துண்டுகளுக்கு நடுவே ஒரு நிமிடம் சூரியன் தெரிந்ததும் "வானம் தெளிந்துவிட்டது" என்று முடிவு கட்டுவதும் தவறு. கீழே தரை வரை, இறங்கும் இடம் வரை தெளிவாக இருக்குமா என்பதே கேள்வி.

எந்த வழியில் போவது

மேகம் விலகவில்லை. இப்போது மூன்று கேள்விகள்: எந்த வழி, எந்த உயரம், எப்போது இறங்குவது.

வழிக்கு நான்கு படிகள். மேலிருந்து கீழாகப் பாருங்கள், முதலில் பொருந்துவதை எடுங்கள். ஆங்கிலத்தில் இதற்கு ஒரு நான்கெழுத்துச் சொல் வைத்திருக்கிறார்கள். நான் மாணவர்களுக்குச் சொல்வது: கொடுத்தது, திருப்பியது, சொன்னது, எழுதியது.

கடைசி கிளியரன்ஸில் (ஏடிசி தந்த அனுமதியில்) கொடுத்த வழி இருந்தால் அதுவே. வெக்டரில் (ராடாரைப் பார்த்து ஏடிசி சொல்லும் திசையில்) திருப்பிக்கொண்டிருந்தார்கள் என்றால், எந்தப் புள்ளிக்கோ ஏர்வேக்கோ (வரைபடத்தில் குறித்த வான்வழிக்கோ) கொண்டுபோகத் திருப்பினார்களோ அதற்கு நேராக. இரண்டும் இல்லையென்றால், பின்னால் கிடைக்கும் என்று எதிர்பார்க்கச் சொன்ன வழி. அதுவும் இல்லையென்றால் ஃப்ளைட் பிளானில் நீங்கள் எழுதியது.

இரண்டாவதில்தான் வலி. "இடப்பக்கம் 240 திரும்பவும்" என்று மட்டும் சொல்லி, எதற்கு என்று சொல்லாவிட்டால், ரேடியோ போன பிறகு எந்தப் புள்ளிக்கு நேராகப் போவீர்கள்? அதனால் வெக்டர் வந்தவுடனே "எதற்காக?" என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மலைப் பகுதியில் இது உயிர்ப் பிரச்சினை. ராடாரில் திருப்பும்போது கன்ட்ரோலர் தரும் உயரம் அவருடைய வரைபடத்தில் உள்ள குறைந்தபட்ச உயரம். அந்த வரைபடம் பெரும்பாலும் உங்கள் கையில் இருக்காது. அதே திசையில் பேசாமல் பறந்துகொண்டே இருந்தால் எதிரே மலை வரலாம்.

எந்த உயரத்தில் போவது

இங்கே மூன்று எண்கள்: கடைசியாகக் கொடுத்த உயரம், அந்தப் பாதைத் துண்டின் குறைந்தபட்ச ஐஎஃப்ஆர் உயரம், எதிர்பார்க்கச் சொன்ன உயரம். இந்த மூன்றில் எது அதிகமோ அது. ஃப்ளைட் பிளானில் எழுதிய உயரம் இந்தப் பட்டியலில் இல்லை என்பதைக் கவனியுங்கள்; செக்ரைடில் விழும் ஆட்களில் பாதிப் பேர் இங்கே விழுகிறார்கள்.

இன்னொரு நுணுக்கம்: கணக்கு ஒவ்வொரு துண்டுக்கும் புதிதாகப் போடப்படும். ஒரு பயணத்தை எடுத்துக்கொள்வோம். எண்கள் பயிற்சிக்காக நான் போட்டவை. பாதை க, ச, ட, த, ப என்ற ஐந்து புள்ளிகள். குறைந்தபட்ச உயரம் க–ச 4,000 அடி, ச–ட 6,000, ட–த 10,000, த–ப 5,000. நீங்கள் க–ச நடுவில் 5,000-இல் இருக்கிறீர்கள்; ச தாண்டியதும் 7,000 எதிர்பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். ரேடியோ போய்விட்டது.

ச வரை 5,000-இலேயே இருங்கள். 7,000 என்பது ச-வுக்குப் பிறகுதான். ச-வில் 7,000-க்கு ஏறுங்கள்: கொடுத்தது 5,000, குறைந்தபட்சம் 6,000, எதிர்பார்த்தது 7,000, மூன்றில் பெரியது அது. ட-வில் 10,000-க்கு ஏறத் தொடங்குங்கள். ஆனால் ட-வுக்கு என்று ஒரு கடக்கும் உயரம் வரைபடத்தில் குறித்திருந்தால், அந்த உயரத்தை ட-வுக்கு வருவதற்கு முன்பே எட்டியிருக்க வேண்டும். த-வில்? 10,000-இலேயே தங்கிவிடக் கூடாது, 5,000-க்கும் இறங்கக் கூடாது. மறுபடியும் 7,000. எதிர்பார்க்கச் சொன்னது இன்னும் உயிரோடு இருக்கிறது.

ஓடுதளத்திலிருந்து கிளம்பும்போது வரும் "3,000-க்கு ஏறவும், 10 நிமிடத்தில் 7,000 எதிர்பார்க்கவும்" என்ற வாக்கியமும் இதற்காகத்தான். பலர் அதை ஏதோ மரியாதைச் சொல் போலத் திருப்பிச் சொல்லிவிட்டு மறந்துவிடுகிறார்கள். கிளம்பி மூன்றாம் நிமிடத்தில் ரேடியோ போனால் அதுதான் உங்கள் திட்டம்: பத்தாம் நிமிடம் வரை 3,000, பாதையின் குறைந்தபட்சம் அதைவிட அதிகமென்றால் அந்த உயரம், பிறகு 7,000. அதற்குக் கிளம்பிய நேரத்தை எழுதி வைத்திருக்க வேண்டும்.

ஏர்வே இல்லாமல் ஜிபிஎஸ்ஸில் நேராகப் போகிறீர்கள் என்றால், பாதையின் இருபுறமும் 4 கடல் மைலுக்குள் உள்ள மிக உயர்ந்த தடையைவிட 1,000 அடி, மலைப் பகுதியில் 2,000 அடி மேலே இருக்க வேண்டும். கணக்குப் போட நேரம் இல்லையென்றால் என்ரூட் வரைபடத்தின் கட்டத்துக்குள் அச்சிட்டிருக்கும் பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள்.

எப்போது இறங்கத் தொடங்குவது

இதுதான் அதிகம் குழப்பும் பகுதி, கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

கிளியரன்ஸின் எல்லை (அனுமதி முடியும் இடம்) அப்ரோச் (கருவிகளை வைத்து ஓடுதளத்துக்கு இறங்கும் வழி) தொடங்கும் புள்ளியாகவே இருந்தால்: அங்கே ஹோல்ட் செய்ய (சுற்றிக்கொண்டு காத்திருக்க) சொல்லி, மேற்கொண்டு கிளியரன்ஸ் எதிர்பார்க்கும் நேரம் கொடுத்திருந்தால், அந்த நேரத்துக்கு எவ்வளவு நெருக்கமாக முடியுமோ அவ்வளவு நெருக்கமாக இறங்கத் தொடங்குங்கள். நேரம் எதுவும் கொடுக்கவில்லையென்றால், கிளம்பிய நேரத்தோடு ஃப்ளைட் பிளானில் எழுதிய பயண நேரத்தைக் கூட்டி வரும் வருகை நேரத்தில்.

எல்லை அப்ரோச் தொடங்காத புள்ளி என்றால்: நேரம் கொடுத்திருந்தால் அந்த நேரத்தில் கிளம்புங்கள், கொடுக்கவில்லையென்றால் போய்ச் சேர்ந்த உடனே கிளம்பி, அப்ரோச் தொடங்கும் புள்ளிக்குப் போய், வருகை நேரத்துக்கு நெருக்கமாக இறங்கத் தொடங்குங்கள்.

ஒரு கணக்கு. 14:10-க்குக் கிளம்பினீர்கள், பயண நேரம் 1 மணி 20 நிமிடம் என்று எழுதியிருந்தீர்கள். வருகை நேரம் 15:30. பின்காற்று தள்ளியதில் 15:18-க்கே அப்ரோச் புள்ளிக்கு வந்துவிட்டீர்கள். விதிப்படி பன்னிரண்டு நிமிடம் அங்கே ஹோல்ட். 15:35-க்கு வந்தால் நேராக இறங்கலாம். ஏன் காத்திருக்க வேண்டும்? நீங்கள் 15:30-க்கு வருவீர்கள் என்று எண்ணித்தான் உங்களுக்கு முன்னால் ஒருவரை உள்ளே விட்டிருக்கிறார்கள். இதனால்தான் பயண நேரத்தை உத்தேசமாக எழுதக் கூடாது. வழியில் காற்று மாறி நேரம் வெகுவாக மாறினால், ரேடியோ இருக்கும்போதே ஏடிசியிடம் திருத்திக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு முரண் உண்டு. பெரும்பாலான கிளியரன்ஸ்களில் எல்லை என்பது போகும் விமான நிலையமே. விமான நிலையம் அப்ரோச் தொடங்கும் புள்ளி இல்லை. அப்படியானால் எழுத்துக்கு எழுத்து விதியைப் பின்பற்றினால், நிலையத்தின் மேலே போய், மறுபடி பின்னால் திரும்பி அப்ரோச் புள்ளிக்கு வந்து, அப்புறம் இறங்க வேண்டும். பயிற்றுநர்கள் இதைப் பற்றி மணிக்கணக்கில் வாதாடுவார்கள். என் வழி எளிது: ஃப்ளைட் பிளானிலேயே நிலையத்துக்கு முந்தைய கடைசிப் புள்ளியாக ஓர் அப்ரோச் தொடக்கப் புள்ளியை எழுதிவிடுவேன். அப்போது கொடுத்த வழியே அந்தப் புள்ளி வழியாகத்தான் போகும்.

எந்த அப்ரோச்சை எடுப்பது என்பது உங்கள் விருப்பம். டேப்லெட்டில் ஏடிஎஸ்-பி என்ற தரவு ஒலிபரப்பு வழியாக வானிலை வந்துகொண்டிருந்தால் காற்றைப் பார்த்து முடிவு செய்யுங்கள். இல்லையென்றால் மிகத் தாழ்வாக இறங்க அனுமதிக்கும் அப்ரோச்சை எடுங்கள். ஓடுதளம் தெரியாமல் அது மிஸ் ஆனால் வரைபடத்தில் அச்சிட்டபடி மிஸ்டு அப்ரோச்சை (மறுபடி மேலேறும் வழியை) பறந்து, பதிவு செய்த மாற்று நிலையத்துக்குப் போங்கள். மாற்று நிலையமும் அதன் மேல் 45 நிமிட எரிபொருளும் இந்த மாதிரி நாளுக்காகத்தான்.

பனி ஒட்டிக்கொண்டிருக்கிறது, எரிபொருள் குறைகிறது, ஆனால் விதி பன்னிரண்டு நிமிடம் ஹோல்ட் செய்யச் சொல்கிறது என்றால்? இறங்குங்கள். பிரிவு 91.3 அவசரத்தில் விதியை மீறும் உரிமையை உங்களுக்குத் தருகிறது. ராடாரில் 7600-ஐப் பார்த்துக்கொண்டிருப்பவர் ஏற்கெனவே பாதையைக் காலி செய்துகொண்டிருப்பார். ஒன்றுமில்லாத நல்ல நாளில் மட்டும் அவசரப்படாமல் விதிப்படி போங்கள்.

ரேடியோ மட்டும் போனதா, மின்சாரமே போனதா?

மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டர் செயலிழந்து பேட்டரி காலியாகிவிட்டால் 7600-உம் போகாது. இங்கே அம்மீட்டர்தான் உங்கள் நண்பன். குறைந்த மின்னழுத்த விளக்கு எரிந்த அந்தக் கணமே பேசிவிடுங்கள்: ஆல்டர்னேட்டர் போய்விட்டது, தெளிந்த வானம் எந்தப் பக்கம், இங்கிருந்து எங்கே இறங்கலாம். நல்ல பேட்டரி அரை மணி நேரம் தாங்கலாம், பழையது தாங்காது. பிறகு விளக்குகள், இரண்டாவது ரேடியோ என்று ஒவ்வொன்றாக அணைத்து, ஒரு காமும் டிரான்ஸ்பாண்டரும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரி முழுக்கப் போன பிறகு பெரும்பாலான செஸ்னா 172 விமானங்களில் ஃப்ளாப் (மெதுவாக இறங்க உதவும் இறக்கைத் தகடு) இறங்காது என்பதையும் இப்போதே கணக்கில் எடுங்கள். ஓடுதளம் நீளமாக வேண்டும்.

டவரின் விளக்கு

டவர் உள்ள நிலையத்துக்கு வந்துவிட்டால் அவர்கள் விளக்குத் துப்பாக்கியால் பேசுவார்கள். பறக்கும்போது நிலையான பச்சை என்றால் இறங்கலாம். மினுக்கும் பச்சை, இறங்குவதற்குத் திரும்பி வா. நிலையான சிவப்பு, மற்றவருக்கு வழிவிட்டுச் சுற்றிக்கொண்டிரு. மினுக்கும் சிவப்பு, நிலையம் பாதுகாப்பாக இல்லை, இறங்காதே. சிவப்பும் பச்சையும் மாறி மாறி வந்தால் மிகுந்த எச்சரிக்கை. பகலில் இறக்கைகளை ஆட்டியும், இரவில் விளக்கை மினுக்கியும் புரிந்தது என்று தெரிவிக்கலாம்.

அமெரிக்காவுக்கு வெளியே

பன்னாட்டு விமானப் போக்குவரத்து அமைப்பான ஐசிஏஓ-வின் விதியில் ஃப்ளைட் பிளானுக்குக் கனம் அதிகம். ராடார் இருக்கும் இடத்தில் கடைசியாகக் கொடுத்த உயரத்தையும் வேகத்தையும் 7 நிமிடம், இல்லாத இடத்தில் 20 நிமிடம் காத்து, அப்புறம் ஃப்ளைட் பிளானில் எழுதிய உயரத்துக்கு மாற வேண்டும். முடிந்தால் வருகை நேரத்திலிருந்து 30 நிமிடத்துக்குள் இறங்க வேண்டும். அமெரிக்க விதியைப் படித்துவிட்டு வேறு நாட்டில் பறப்பவர் தடுமாறும் இடம் இது. சென்னைக்கோ கொழும்புக்கோ போவதானால் அந்தந்த நாட்டு ஏஐபி என்ற வான்வழித் தகவல் தொகுப்பைப் புரட்டாமல் கிளம்பாதீர்கள்.

கொடுத்த உயரம், எழுதிய உயரம் என்ற இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதற்கு 2006 செப்டம்பர் 29 சாட்சி. பிரேசிலில் ஒரு எம்ப்ரேயர் லெகசி 37,000 அடியில் போய்க்கொண்டிருந்தது. அதன் ஃப்ளைட் பிளானில் பிரேசிலியாவுக்குப் பின் 36,000, அதற்கப்புறம் 38,000 என்று இருந்தது. உயரம் மாற்றச் சொல்லி யாரும் அதனிடம் பேசவில்லை. டிரான்ஸ்பாண்டரும் வேலை செய்யவில்லை. பின்னால் இரு பக்கமும் கூப்பிட்டும் தொடர்பு கிடைக்கவில்லை. எதிரே அதே 37,000-இல் கோல் 1907, ஒரு போயிங் 737. மோதியதில் போயிங்கில் இருந்த 154 பேரும் இறந்தார்கள். லெகசி ஒரு ராணுவத் தளத்தில் இறங்கியது. "ரொம்ப நேரமாக யாரும் பேசவில்லையே" என்ற அந்த நினைப்பு காக்பிட்டில் எவ்வளவு சீக்கிரம் வருகிறது என்பதுதான் இந்த விபத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றும் கேள்வி.

இறங்கிய பிறகு

டவர் உள்ள நிலையத்தில் ஐஎஃப்ஆர் ஃப்ளைட் பிளான் தானாக மூடிவிடும். டவர் இல்லாத இடத்தில் இறங்கியிருந்தால் என்ஜினை அணைத்ததும் முதல் வேலை கைபேசி: ஃப்ளைட் சர்வீஸுக்கோ ஏடிசிக்கோ கூப்பிட்டு, இறங்கிவிட்டேன் என்று சொல்லுங்கள். நீங்கள் சொல்லும் வரை உங்களுக்காக ஒதுக்கிய வானம் பூட்டியே கிடக்கும். அதே மேகத்துக்குள் வேறொருவர் இறங்கக் காத்துக்கொண்டு ஹோல்டில் சுற்றிக்கொண்டிருப்பார்.